இருட்டைக் காட்டும் வித்தை

போன மாதம் எங்கள் வீட்டு டிவியில் சத்தம் வந்தது, படம் வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கையிலேயே எடுக்கவில்லை. ஹால் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"படம் ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு. பேக்லைட் போயிருச்சு."

கடையில் 'எல்இடி டிவி' என்று விற்கப்படுவதன் குட்டு இதுதான். அது எல்சிடி டிவியேதான். எல்இடிகள் பின்னால் நின்று வெளிச்சம் போடுவதோடு சரி. முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி, அந்த ஒளியை விடும் அல்லது மறிக்கும். ஒரு 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சன்னல்கள். செல்போன் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும்.

சங்கடம் கறுப்பில்தான். எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் சன்னல் இடுக்கில் வெளிச்சம் கசியும். குவாண்டம் புள்ளிகளால் நிறத்தைத் துலக்கும் க்யூஎல்இடி-யும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பழைய பிக்சர் டியூபுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1897-ல் ஜெர்மானியர் பிரவுன் செய்த குழாயின் வாரிசு அது. பின்னாலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை, நம் ஊர் ஒளிபரப்பில் 625 வரிக் கணக்கில், நொடிக்கு 25 முறை திரையை மெழுகும். கறுப்பு வேண்டிய இடத்தில் கற்றை அடங்கிவிடும். உண்மையில் முழுப்படம் என்று ஒன்று திரையில் ஒரு கணமும் இருந்ததில்லை. மேல்வரி மங்கும்போதுதான் கீழ்வரி ஒளிரும். கோத்துப் பார்த்தது நம் கண். தமிழக அரசு 2006 முதல் இலவசமாகக் கொடுத்த கலர் டிவிகளும் இந்த ரகம்தான்.

நடுவில் வந்த பிளாஸ்மா, லட்சக்கணக்கான குட்டி டியூப்லைட்டுகளை அடுக்கிய மாதிரி. படம் அழகு, கரண்ட் பில் அழகில்லை.

ஓஎல்இடி-யில் ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்கு. 1987-ல் கோடாக் ஆய்வகத்தின் சிங் டாங்கும் வான் ஸ்லைக்கும் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழி திறந்தது. கறுப்பு வேண்டுமா, விளக்கை அணைத்தால் போயிற்று. ஆனால் ஒரே சேனலை வருஷக்கணக்கில் ஓடவிட்டால் மூலையில் இருக்கும் லோகோ தழும்பாகப் பதியலாம். டியூப்லைட் வெளிச்சத்தில் சீரியல் பார்க்கிற வீட்டுக்கு ஓஎல்இடி வாங்கும் செலவு தண்டம் என்பேன்.

எங்கள் டிவியைக் கழற்றியபோது உள்ளே மூன்று பட்டைகள், கோயில் திருவிழா சீரியல் செட் போல. ஒரு பல்பு போனதில் மொத்த வரிசையும் அணைந்திருந்தது. மூன்றையும் மாற்றினார். அன்றிரவு பேய்ப்படம் ஒன்றில் சுடுகாட்டுக் காட்சி. அமாவாசை இரவு என்றார்கள். திரையின் ஓரத்தில் லேசாக விடிந்திருந்தது.