காயலான் கடையிலிருந்து கண்காட்சி வரை

தையல் வகுப்பில் பூவேலை செய்த துணியை நாம் ஆவலோடு நீட்டும்போது, அருட்சகோதரி முதலில் அதன் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார். முடிச்சுகள், தாண்டிச் சென்ற நூல்கள், அவசரத்தில் விட்டுப்போன தையல்கள் யாவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நாமோ முன்பக்கத்து ரோஜாப்பூவைக் காட்டத் துடித்துக்கொண்டு நிற்போம்!

அமெரிக்க நாட்டில் மோட்டார் கார்களுக்கும் இப்படிப்பட்ட கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அங்கும் நடுவர்கள் காரின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள் என்று அறிந்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. ஒருவர் பெரும்பணம் கொடுத்து, கைதேர்ந்த ஆட்களை வைத்துக் கார் கட்டுகிறார். இன்னொருவர் தம் வீட்டுக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே ஒன்றைக் கட்டி, அதிலேயே வேலைக்கும் போய் வருகிறார். இரண்டு கார்களும் ஒரே கூரையின்கீழ் நின்றால், இரண்டாமவர் வெல்ல வழி உண்டா?

முதலில் இந்தக் கார்கள் எவை என்று பார்ப்போம். ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' என்ற காரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்து விற்றது. பின்பு 'மாடல் ஏ' வந்தது. 1932-இல் எட்டு சிலிண்டர் கொண்ட 'வி-8' எஞ்சினைக் குறைந்த விலைக் காரிலேயே பொருத்தினார்கள். ஆகவே கலிபோர்னியாவின் காயலான் கடைகளில் பழைய ஃபோர்டு வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. கையில் காசில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைத் திருத்தி, எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகமாக ஓட்டிப் பார்த்தனர். இத்தகைய வண்டிக்கு 'ஹாட் ராட்' என்று பெயர் வந்தது. அக்காலத்தில் இவற்றை ஓட்டியவர்களைப் போக்கிரிகள் என்றே ஊரார் எண்ணினர்.

அந்த எண்ணம் மாறக் கண்காட்சிகள் பெரிதும் உதவின. 1950 ஜனவரியில் ஓக்லண்ட் நகரில் ஆல் ஸ்லோனேக்கரும் அவர் மனைவி மேரியும் சேர்ந்து ஒரு ரோட்ஸ்டர் கண்காட்சி நடத்தினர். (ரோட்ஸ்டர் என்றால் நிலையான கூரையும், ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடியும் இல்லாத திறந்த கார். கார் விஷயத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்று கேட்போர், மேரி அம்மையாரின் பெயரைக் கவனிக்கவும்!) 'அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர்' என்னும் பரிசு அங்குதான் பிறந்தது. அதன் கோப்பை ஒன்பது அடி உயரம்.

அந்தப் பரிசை முதன்முதல் வென்றவர் பில் நீகேம்ப். அவர் காரின் உடல் 1929-ஆம் ஆண்டு ஃபோர்டு, அடிச்சட்டம் எஸ்ஸெக்ஸ் என்ற வேறொரு கம்பெனியுடையது, எஞ்சினோ மெர்க்குரி. மூன்று வெவ்வேறு பழைய வண்டிகளிலிருந்து சேர்த்தவை என்று சொன்னால்தான் தெரியும். பரிசு பெற்றபின் அவர் அதைத் துணி போட்டு மூடி வைக்கவில்லை. 1952-இல் அதே கார் எல் மிராஜ் படுகையில் மணிக்கு 142 மைல் வேகத்தில் ஓடியது. ஆக, தொடக்கத்தில் அழகுக் கார் வேறு, ஓட்டும் கார் வேறு என்ற பிரிவே பெரிதாக இல்லை.

பிரிவு பிறகுதான் வந்தது. ஃப்ரெஸ்னோ நகரைச் சேர்ந்த பிளாக்கி கெஜேயன் என்பவர் தம் காரின் அடிப்பாகத்திற்கும் குரோமியப் பூச்சுப் போட்டிருந்தார். அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை என்றோ என்னவோ, கண்காட்சியிலேயே காரை ஒருபக்கமாகச் சாய்த்துக் காட்டிவிட்டார்! 1955-இல் ஒன்பது அடிக் கோப்பையை மற்றொருவருடன் பகிர்ந்தும் கொண்டார். காரைச் சாய்ப்பது எப்போதும் இயலாதல்லவா? ஆகவே அடியில் கண்ணாடி வைக்கும் வழக்கம் பரவியது. சக்கரங்களைச் சுற்றித் 'தேவதைக் கூந்தல்' என்னும் வெண்மையான கண்ணாடி இழையைப் பரப்பினார்கள். அது கிறிஸ்துமஸ் மர அலங்காரத்திற்கென்று விற்கப்பட்ட பொருள். மேகத்தின்மேல் நிற்பதுபோன்ற அக்காரை ஓட்டிச் செல்ல யாருக்கு மனம் வரும்? டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து டிரெய்லரிலேயே திரும்பும் கார்கள் பெருகின.

டிட்ராய்ட் நகரின் ஆட்டோரமா கண்காட்சியில் 1964 முதல் ரிட்லர் விருது வழங்கப்படுகிறது. முதல் விருதைப் பெற்றது ஆல் பெர்க்ளர் என்பவரின் பந்தயக் கார். அவர் தகர வேலை தெரிந்த கைவினைஞர். இன்றோ அவ்விருதிற்கு வரும் கார்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டப்படுகின்றன. பத்து லட்சம் டாலரைத் தாண்டிய செலவும் அங்கே அதிசயமில்லை. போட்டியிடும் கார் அதற்குமுன் வேறு கண்காட்சியில் வைக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது அவ்விருதின் விதி. புதுமையைக் காக்கவே அவ்விதி என்பது நமக்குப் புரிகிறது. ஆனால் அது யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். காரைக் கட்டி முடித்த மகிழ்ச்சியில் தன் ஊர்க் கண்காட்சிக்கு முதலில் கொண்டுபோய்விட்டவன், அந்தப் பெரிய வாசலைத் தன் கையாலேயே சாத்திக்கொள்கிறான்.

அப்படியானால் சாமானியன் எதை வைத்துப் போட்டியிடுவது? இங்கேதான் விலை என்பது எதனால் ஆகிறது என்று ஆராய வேண்டும். விலையுயர்ந்த காரின் செலவில் பெரும்பங்கு உலோகத்திற்கோ வர்ணத்திற்கோ அல்ல, கூலிக்கே போகிறது. வர்ணம் பூசுவதையே எடுத்துக்கொள்வோம். முதலில் தகரத்தின் ஒடுக்குகளைச் சுத்தியால் தட்டி எடுக்க வேண்டும். எஞ்சிய பள்ளங்களுக்குப் பட்டி பார்க்க வேண்டும். பட்டி காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பு தொடங்கும். உப்புத்தாளுக்கு எண்கள் உண்டு. எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம். 80-இல் தொடங்கி 180, 320, 400, 600 என்று படிப்படியாக ஏற வேண்டும். தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் வாய்க்காலாகிவிடும்; ஆகவே அதை நீண்ட கட்டையில் சுற்றித் தேய்ப்பார்கள்.

தேய்த்த இடம் சமமாகிவிட்டதா என்று அறிய ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. மெல்லிய கறுப்பு வர்ணத்தைத் தூசிபோல மேலே தூவிவிட்டு மறுபடியும் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் மட்டும் தங்கிநிற்கும். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத பள்ளத்தைக் கறுப்பு காட்டிக் கொடுத்துவிடுகிறது. கறுப்பு ஒரு புள்ளிகூட இல்லாமல் மறையும்வரை தேய்ப்பு ஓயாது. அதன்மேல் நிறம், நிறத்தின்மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சு. தெளிப்பானால் அடித்த பூச்சு காயும்போது ஆரஞ்சுப் பழத் தோல்போல நுண்ணிய புள்ளிகள் விழும். அதைப் போக்க 1000, 1500, 2000 எண் தாள்களைத் தண்ணீரில் நனைத்து மீண்டும் தேய்க்க வேண்டும். ஓரங்களில் ஓர் இழுப்பு அதிகமானால் பளபளப்பு போய் அடிநிறம் வெளிவந்துவிடும். ஒரு வார உழைப்பு வீண், மறுபடி முதலிலிருந்து!

பட்டறையில் இத்தனை மணி நேரத்திற்கும் கூலி உண்டு. வீட்டில் கட்டுபவனுக்குத் தன் மணிக்கணக்கிற்குத் தானே ரசீது போட்டுக்கொள்ளத் தேவையில்லை. பணக்காரர் வாங்கிய அதே 2000 எண் உப்புத்தாளைத்தான் அவனும் வாங்குகிறான். கதவின் இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருப்பது, மின்கம்பிகளை ஒழுங்காகக் கட்டி மறைப்பது, திருகுகளின் வெட்டுகளையெல்லாம் ஒரே திசையில் நிறுத்துவது ஆகியவற்றையும் நடுவர்கள் கவனிக்கிறார்கள். இவை எதற்கும் பணம் தேவையில்லை. இருக்கை உறையும் அப்படியே. விலையுயர்ந்த தோலுக்குப் பதில் ரெக்சினை நேர்த்தியாகத் தைத்தால் பார்க்க நன்றாகவே இருக்கும். இந்த இடத்தில் நம் வகுப்பினர் பலர் அந்த ஆண்களை எளிதில் தோற்கடித்துவிடுவோம் என்பது நம் தாழ்மையான கருத்து.

ஆயினும் உழைப்பால் எட்டாதவையும் உள்ளன. குரோமியப் பூச்சுக்கு அமிலத் தொட்டியும் மின்சாரமும் வேண்டும்; அதை வீட்டில் செய்ய இயலாது. ஒரே ஒரு காருக்கென்று கடைந்தெடுத்த சக்கரங்களும் அப்படித்தான். அறிவாளிகள் அங்கே போட்டிக்கே போவதில்லை. அலுமினியப் பாகங்களைக் கையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மற்றவற்றிற்கு ஒழுங்காக வர்ணம் அடிப்பார்கள். அரைகுறைக் குரோமியம் போட்டுப் பணக்காரக் காரைப்போல நடித்தால், எது குறைகிறது என்பதே முதலில் கண்ணில் படும்.

நமக்கு உண்மையில் மனத்தாங்கலாக இருப்பது வேறொன்று. ஓடும் கார் ஓடியதற்காகவே மதிப்பெண் இழக்கிறது! சாலையில் கல் தெறித்து முகப்பில் வர்ணம் பெயர்கிறது. பிரேக் தேய்ந்த தூள் சக்கரத்தில் படிகிறது. புகைக்குழாய் சூட்டினால் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறுகிறது. டிரெய்லரிலேயே வரும் காரின் எஞ்சினுக்கு அவ்வளவு சூடு ஏறும் நாளே வருவதில்லை. காணிக்கைப் பெட்டியில் ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசை நம் ஆண்டவர் நிறுத்த தராசு, கண்காட்சி நடுவர்களிடம் இல்லை. எதிரே நிற்பதை மட்டும் பார்த்து எண் போடுவதுதான் அவர்கள் கடமை. சில கண்காட்சிகளில் தெருவில் ஓடும் கார்களுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருப்பது ஓரளவு நியாயம்.

1980-களில் ஜிம் ஜேக்கப்ஸ் என்பவர் இதற்கு வேடிக்கையான ஒரு பதில் சொன்னார். முன்பு நாம் சொன்ன நீகேம்ப்பின் காரைப் பிற்காலத்தில் வாங்கிப் பழையபடி புதுப்பித்தவரும் இவரே. நேர்த்தி என்றால் என்னவென்று தெரியாதவர் அல்லர். அவர் தம்மிடம் கிடந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு 28 நாட்களில் ஒரு பழைய ஃபோர்டு காரைக் கட்டி, வர்ணத்தைத் தெளிப்பானால் அல்ல, சாதாரண பிரஷ்ஷினால் பூசி ஓட்டிவந்தார்! ஹாட் ராட் என்பது கோடீசுவரர் விளையாட்டாக மாறிவருவதைக் கண்டவர்கள் அந்த பிரஷ் கோடுகளின் பொருளைப் புரிந்துகொண்டார்கள்.

அந்தத் தராசையே செய்து பார்க்க முயன்றவர்களும் உண்டு. ஃபுளோரிடாவிலிருந்து வெளிவரும் 'கிராஸ்ரூட்ஸ் மோட்டார்ஸ்போர்ட்ஸ்' என்ற பத்திரிகை 1999 முதல் ஒரு போட்டி நடத்திவருகிறது. காருக்கும் பாகங்களுக்கும் சேர்த்துச் சுமார் 2000 டாலருக்குமேல் செலவழிக்கக் கூடாது. செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சொந்த உழைப்புக்கு விலை கிடையாது. வாங்கிய பழைய காரில் வேண்டாத பாகங்களை விற்றால், அந்தப் பணத்தில் ஓர் அளவுவரை செலவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். சோதனைகள் மூன்று: கூம்புகளுக்கிடையே வளைந்து ஓட்டுவது, கால் மைல் தூரத்தை விரைந்து கடப்பது, அழகும் வேலைத் திறனும் பார்க்கும் மதிப்பீடு. மூன்றையும் கூட்டித்தான் வெற்றி என்பதால், அழகாக மட்டும் நிற்பவரும் தோற்பார். வேகமாக மட்டும் ஓடுபவரும் தோற்பார். இதுவும் குறையில்லாத தராசு அன்று. வெல்டிங் இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கும் இரவல் கேட்டு அலைபவருக்கும் உள்ள வேறுபாட்டை எந்த ரசீதும் காட்டாதே! எனினும் நாம் என்றேனும் ஒரு கார் கட்டினால் இந்தப் போட்டிக்கே அனுப்புவோம் என்று நமக்குள் முடிவு செய்திருக்கிறோம்.

ஓக்லண்டில் தொடங்கிய அந்தப் பழைய கண்காட்சி 2004 முதல் தெற்குக் கலிபோர்னியாவிலுள்ள பொமோனா நகரில் நடைபெறுகிறது. மண்டபங்களுக்குள் விளக்கொளியில் ஒன்பது அடிக் கோப்பைக்கான கார்கள் நிற்கும். சனி, ஞாயிறு இரு நாட்களிலும் வெளி மைதானத்திற்கு நூற்றுக்கணக்கானோர் தங்கள் கார்களைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். அது ஜனவரி மாதக் கடைசி. அவ்வூரில் மழை பெய்யக்கூடிய காலம். வழியில் நனைந்தால், வந்து சேர்ந்ததும் ஒரு பழந்துணியை எடுத்துத் துடைக்கிறார்கள். பக்கத்தில் நிறுத்தியவரிடம் பானட்டைத் திறந்து காட்டிப் பேசத் தொடங்குகிறார்கள். மாலையில் அதே காரில் குடும்பத்தோடு ஏறி வீடு திரும்புகிறார்கள்.