தூங்கி எழும் கொம்பியூட்டர் எதைச் சரிபார்க்கிறது?

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு நான் அப்போது அடிக்கடி சொன்னது, "பெட்டரி இறங்க முதல் ஹைபர்னேட்டில் போடுங்க" என்பதுதான். நினைவகத்தில் (அதுதான் நம்ம கடைக்காரர் சொல்ற றாம்) இருப்பதை முழுசாக ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு லெப்டொப் அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் திறந்தால் பாதியில் விட்ட வசனம் அப்படியே நிற்கும்.

ஆனால், நடுவில் யாராவது 8 ஜிபி றாமைக் கழற்றி 4 ஜிபி போட்டிருந்தால்? பழைய படத்தை இல்லாத இடத்தில் விரிக்க முடியாது. இதற்காகவே 1996இல் வெளிவந்த ஏசிபிஐ நியமத்தில் 'வன்பொருள் கையொப்பம்' என்று 32 பிட் எண்ணொன்று உண்டு. இயந்திரம் எழும்பும்போது பயோஸ் தன் அடிப்படை உறுப்புகளைப் பார்த்து அதைக் கணக்கிடும். தூங்கும்போது குறித்துவைத்த எண்ணோடு அது பொருந்தாவிட்டால், இயங்குதளம் அந்தப் படத்தை நம்பாது, புதிதாகத் தொடங்கும். சேமிக்காத எழுத்து போனதுதான்.

எதையெதைக் கணக்கில் எடுப்பது என்பதில் தயாரிப்பாளருக்கு நிறைய விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்காத விசயம். பென் டிரைவ் மாதிரிக் கழற்றி மாட்டுவது இதில் சேராது. எழும்பிய பிறகு இயங்குதளம் அவற்றைத் தனியாகத் தேடிப் பார்க்கும். வாவிக்கரை உப்புக் காற்றில் றாமின் தொடுமுனை கறுத்து, ஒரு துண்டு தெரியாமல் போனாலும் எண் மாறலாம். ஒருவரும் கை வைத்திருக்க மாட்டார்கள். கடையில் அழிறப்பரால் தேய்த்துக் கொடுப்பது இதற்குத்தான்.

பெரிய ஆபத்து வேறு. தூங்குகிற லெப்டொப்பின் டிஸ்கைக் கழற்றி, இன்னொரு கொம்பியூட்டரில் மாட்டி, கோப்புகளை மாற்றி எழுதி, திரும்பப் பூட்டுகிறார்கள் என்று வைப்போம். உறுப்புகள் எல்லாம் பழையவையே, கையொப்பமும் பொருந்தும். எழும்புகிற வின்டோஸ், டிஸ்க் தான் விட்டபடியே இருக்கிறதென்று நம்பி அதன்மேல் எழுதும். கோப்பு அட்டவணை குழம்பும். வருடக்கணக்காகத் தட்டச்சு செய்த ஊர் வரலாறோ அறபுத்தமிழ் ஏட்டின் பிரதியோ இப்படித்தான் போகும்.

"நான் ஷட் டவுன் பண்ணித்தானே கொடுத்தேன்" என்பார்கள். 2012இல் வந்த வின்டோஸ் 8 முதல், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் ஷட் டவுனும் பாதித் தூக்கம்தான். கேர்னல் டிஸ்கில் எழுதப்பட்டுக் கிடக்கும். அப்படிப்பட்ட டிஸ்கைக் கண்டால் லினக்ஸ் பெரும்பாலும் வாசிக்க மட்டுமே விடும், எழுத விடாது. லெப்டொப்பைத் திருத்தக் கொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் அது முழுசாக அணையும்.