மயில் நிறக் கல்!

மயில் கழுத்தைப் போல மின்னும் ஒரு கல் உண்டு. போர்னைட் என்பது அதன் பெயர். அதன் எடையில் நூற்றுக்கு 63 பங்கு செம்பு! உடைத்த உடனே வெண்கல நிறமாக இருக்கும். காற்றுப் பட்டுப் பட்டு ஊதாவாகவும் நீலமாகவும் மாறும்.

இதை உருக்கிச் செம்பு எடுக்கிறார்கள். குடம், மின்சாரக் கம்பி எல்லாம் செம்பில் ஆனவைதானே? செம்பையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மயில்துத்தம் செய்கிறார்கள். அதுவும் நல்ல நீலம்!

மடத்துக்குளம் பகுதியில் தென்னந்தோப்புகள் அதிகம். மழைக்காலத்தில் குருத்தழுகல் நோய் வந்தால் மரமே பட்டுப்போகும். அப்போது கைகொடுப்பது மயில்துத்தம்!

அழுகிய பாகத்தை வெட்டி நீக்க வேண்டும். துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தடவ வேண்டும். பக்கத்து மரங்களுக்குப் போர்டோ கலவை தெளிக்க வேண்டும். 1885-ல் பிரான்சு நாட்டில் திராட்சைக் கொடிகளைக் காத்த மருந்து இது.

1 கிலோ துத்தத்தை 50 லிட்டர் நீரில் கரையுங்கள். 1 கிலோ சுண்ணாம்பை வேறு 50 லிட்டரில் கரையுங்கள். துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும்.

பளபளப்பான கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சேருங்கள். கலந்த அன்றே தெளித்துவிடுங்கள்.

துத்தம் பார்க்க அழகு, ஆனால் விஷம்! குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.