வேகமான சுற்றும் டயரின் பிடிப்பும்

மோட்டார்ப் பந்தயத்தைக் கணிப்பொறித் திரையில் நடத்திக் காட்டும் விளையாட்டுகள் இன்று மாணவரிடையே பெரிதும் பரவியுள்ளன. 1997-இல் ஜப்பானில் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ’ இவற்றுள் புகழ் பெற்றது. வண்டியின் எடை, எஞ்சினின் சக்தி, டயரின் பிடிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, வண்டி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை இத்தகைய விளையாட்டுகள் காட்டுகின்றன. ஆதலின் இவற்றை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவதற்கில்லை. 2008 முதல் 2016 வரை நடைபெற்ற ‘ஜி.டி. அகாடமி’ போட்டியின் வாயிலாக, விளையாட்டில் தேர்ந்தவர் சிலர் மெய்யான பந்தயக் கார்களை ஓட்டும் வாய்ப்பைப் பெற்றனர். அவருள் 2011-இல் வென்ற பிரிட்டிஷ் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், தம் குழுவினருடன் தமது பிரிவில் மூன்றாம் இடத்தை எய்தினார்.

ஆக்ஸிலரேட்டரை மேலும் மேலும் அழுத்துவதே வேகத்துக்கு வழி என்று புதிதாக ஆடுவோர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிடிப்பின் வரவுசெலவு

ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே தரையைத் தொடுகின்றது. வேகம் கூட்டுவது, பிரேக் போடுவது, திரும்புவது ஆகிய மூன்று வேலைகளுக்கும் வேண்டிய விசை இச்சிறு பரப்பின் வழியாகவே கிடைக்க வேண்டும். இப்பிடிப்புக்கு ஓர் எல்லையுண்டு. அதனை 10 பங்கு எனக் கொள்வோம். நேர்ப்பாதையில் 10 பங்கையும் பிரேக்குக்கே செலவிடலாம். திரும்பிக்கொண்டே பிரேக் போடுவோமாயின், இரு விசைகளும் செங்கோணத்தில் அமைகின்றன. பிரேக்குக்கு 6 பங்கைச் செலவிட்டால் திரும்புவதற்கு 8 பங்கு எஞ்சும். 6-இன் வர்க்கமும் 8-இன் வர்க்கமும் சேர்ந்து 10-இன் வர்க்கமாகும். வகுப்பில் பயிலும் பிதாகரஸ் தேற்றமே இங்குப் பயன்படுகின்றது. எல்லையை மீறினால் டயர் வழுக்கும்.

ஆகவே பிரேக்கின் பெரும்பகுதியை நேர்ப்பாதையிலேயே முடித்து, ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பப் பிரேக்கைச் சிறிது சிறிதாக விடுவது நன்முறையாகும். பிரேக் போடும்பொழுது எடை முன்சக்கரங்களின்மீது சாய்கின்றது. பின்சக்கரங்களின் சுமை குறைகின்றது. வளைவின் நடுவே காலைத் திடீரென எடுத்தாலும் இதுவே நிகழும். அப்பொழுது வண்டியின் பின்பகுதி வெளியே வழுக்கி, வண்டி சுழன்றுவிடக்கூடும். காலும் கையும் மென்மையாக இயங்க வேண்டுவது இதனால்தான்.

வளைவில் செல்லும் வழி

வளைவில் செல்லக்கூடிய மிகுதியான வேகம், பாதையின் ஆரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் அகலமுள்ள ஓடுபாதை செங்கோணமாகத் திரும்புகின்றது என்றும், அதன் நடுக்கோட்டின் ஆரம் 30 மீட்டர் என்றும் கொள்வோம். டயரின் பிடிப்பு வண்டியின் எடைக்குச் சமமாயின், நடுக்கோட்டிலேயே செல்பவர் மணிக்கு சுமார் 62 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்ல இயலாது. வெளி ஓரத்தில் தொடங்கி, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்தில் முடிப்பவருக்கோ, வண்டியின் அகலத்தைக் கணக்கில் கொள்ளாவிடில், ஆரம் ஏறக்குறைய 59 மீட்டர் ஆகின்றது. அவர் மணிக்கு சுமார் 87 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். எஞ்சினின் சக்தி கூடவில்லை. பாதை மட்டுமே மாறியது.

மெல்ல நுழைந்து விரைந்து வெளிவருதல்

உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவில் 2011-இல் திறக்கப்பெற்ற புத்தா சர்வதேச ஓடுபாதை 5.125 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் மூன்றாம் வளைவை அடுத்து ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நேர்ப்பாதை வருகின்றது. இத்தகைய இடத்தில் எதனை விட்டு எதனைப் பெறுவது என்பதைக் கணக்கிட்டு அறியலாம்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, 100 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டியவர், வழக்கத்தைவிட 5 மீட்டர் தள்ளிப் பிரேக் போடுகிறார் என்க. அவர் பெறும் ஆதாயம் சுமார் 0.09 வினாடி. ஆனால் அதனால் பாதை கெட்டு, 105 கிலோமீட்டர் வேகத்தில் வெளிவர வேண்டியவர் 100 கிலோமீட்டர் வேகத்தில் வெளிவந்தாரானால் நேர்வது என்ன? வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 3 மீட்டர் வீதம் கூடுவதாகக் கொண்டால், 600 மீட்டர் நேர்ப்பாதையில் அவருக்கு சுமார் 0.26 வினாடி நட்டம். பெற்றதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இழந்துவிடுகிறார். எனவே நீண்ட நேர்ப்பாதைக்கு முன்னுள்ள வளைவில் சற்று முன்னரே வேகத்தைக் குறைத்து, உள் ஓரத்தைச் சற்றுத் தாமதமாகத் தொட்டு, விரைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதே சிறந்தது.

பயிற்சி முறை

ஒரே வண்டி, ஒரே ஓடுபாதை என வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் போடும் இடத்தை ஒரு பலகையாலோ ஓரக்கோட்டாலோ அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றத்தையே செய்து, சுற்று நேரத்தை ஏட்டில் குறித்து வருதல் நலம். தொடர்ந்து பத்துச் சுற்றுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும்வரை வேகத்தை நாடலாகாது. கண்கள் வண்டியின் முகப்பையன்றி அடுத்த வளைவையே நோக்க வேண்டும். இவ்வாறு செய்யும் மாணவன், தான் அறியாமலே சோதனைச்சாலை முறையைப் பழகிவிடுகிறான்.

சாலையில் நினைவிற்கொள்ள வேண்டுவன

இவ்விளையாட்டு கற்பிக்காத செய்தியையும் ஆசிரியர்கள் எடுத்துரைத்தல் வேண்டும். வளைவில் உடலைத் தள்ளும் விசையைத் திரை தருவதில்லை; அச்சத்தையும் தருவதில்லை. வழுக்கி விழுந்த வண்டி ஒரு பொத்தானை அழுத்தியதும் பழைய இடத்தில் வந்து நிற்கும். மெய்யான ஓடுபாதையில் அவ்வாறில்லை. 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த பந்தயத்தில், மேலே கூறிய மார்டன்பரோவின் கார் தரையைவிட்டு எழும்பி வேலிக்கு அப்பால் விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார்.

பொதுச்சாலையில் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்குப் பாய்வதற்கு இடமே இல்லை; எதிர்ப்புறம் வருவோருக்குரியது அப்பகுதி. ஆயினும் பிடிப்பின் கணக்கு அங்கும் மாறுவதில்லை. வேகம் இருமடங்கானால் பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மழையில் பிடிப்பு பாதியானால் அத்தூரம் மேலும் இருமடங்காகும். மலைச்சாலையில் ஜீப் ஓட்டும் களப்பணியாளரும், மோட்டார்ச் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் ஆசிரியரும், வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டுவது இக்கணக்கினாலேயே. பந்தய வீரன் கால் வினாடியை மிச்சப்படுத்தச் செய்வதை, நாம் வீடு சேர்வதற்காகச் செய்கின்றோம். விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவனிடம் இந்தக் கணக்குகளைக் கொடுத்துத் தானே செய்து பார்க்கச் சொன்னால், அவன் அதனை எளிதில் மறக்கமாட்டான்.