கடை பூட்டிய பிறகும் ஓடும் மீட்டர்

அரிசி ஆலை, பருப்பு ஆலை, குளிர்பதனக் கிடங்கு நடத்தும் நம் வணிக நண்பர்கள் பலர் உயர் அழுத்த மின் இணைப்பு பெற்று, சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கிறார்கள். மீட்டர் 11,000 வோல்ட் பக்கத்தில் இருந்தால், டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே வீணாகும் மின்சாரத்துக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம்.

வீணாவது இரண்டு விதம். முதலாவது இரும்பு இழப்பு. லைனில் மின்சாரம் இருக்கும் வரை, ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளில் இது நடந்துகொண்டே இருக்கும். விற்காத சரக்குக்குக் கொடுக்கும் கிடங்கு வாடகை மாதிரிதான். இரண்டாவது சுருள் இழப்பு. கரண்ட் பாதியானால் இது கால் பங்காகும்; இரட்டித்தால் நான்கு மடங்காகும்.

1989 இந்தியத் தர விதிப்படி 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு இரும்பு இழப்பு 260 வாட், முழுச் சுமையில் சுருள் இழப்பு 1,760 வாட். 260 வாட்தானே என்று எண்ண வேண்டாம். ஆண்டு முழுவதும் லைனில் இருந்தால் ஏறத்தாழ 2,280 யூனிட் ஆகிறது. தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் இந்த வாடகையும் கூடும்.

2014-இல் வந்த விதி பாதிச் சுமை, முழுச் சுமை இரண்டிலும் மொத்த இழப்புக்கு மட்டுமே வரம்பு கட்டுகிறது. ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போது இரும்பு இழப்பைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 100 வாட் குறைந்தால் ஆண்டுக்கு 876 யூனிட் மிச்சம். 25 ஆண்டில் 21,900 யூனிட். அமார்ஃபஸ் உலோகத் தகடு போட்டவற்றில் இரும்பு இழப்பு வழக்கமானதில் பாதிக்கும் கீழே இருக்கும். விலை சற்றுக் கூடுதல்தான். இரவிலும் விடுமுறையிலும் சும்மா நிற்கும் ஆலைகளுக்கே இது அதிகம் பொருந்தும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று சுருள் மாற்றிய பழைய டிரான்ஸ்பார்மரை வாங்குவது நமக்குச் சம்மதமில்லை. தகடுகளைப் பிரித்துச் சரியாக அடுக்காவிட்டால் இரும்பு இழப்பு ஏறும். மெல்லிய கம்பி சுற்றினால் சுருள் இழப்பு ஏறும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டையும் சோதித்த அறிக்கையைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பவர் ஃபேக்டர் 0.75 ஆக இருப்பதை மோட்டார் அருகே கெப்பாசிட்டர் வைத்து 0.95 ஆக்கினால், அதே வேலைக்குச் சுருள் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மூன்று பேஸிலும் சுமை சமமாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு டிரான்ஸ்பார்மர் உள்ளவர்கள் சீசன் இல்லாதபோது ஒன்றை லைனிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் சும்மா நிற்கும் எண்ணெயில் ஈரம் ஏறும். பிரீதரில் உள்ள நீல சிலிகா ஜெல் ரோஸ் நிறமாகியிருந்தால் மாற்றி, எண்ணெயையும் சோதித்த பிறகே திரும்ப லைனில் சேர்க்க வேண்டும்.