பெற்ற பேறு

மஸ்ஊத், மைமூன், முபாரக் மூன்றும் முஸ்லிம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் பெயர்கள். பெயர்ப் புத்தகத்தைப் புரட்டினால் மூன்றுக்கும் 'பாக்கியசாலி' என்கிற மாதிரி ஏதோ ஒரு பொருள் போட்டிருக்கும். தவறில்லை, ஆனால் பாதிதான் சரி. அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று வேரெழுத்துகளிலிருந்து கிளைப்பவை. ஸீன், ஐன், தால் என்ற வேரிலிருந்து நற்பேறு எனப் பொருள்படும் 'ஸஅத்' வருகிறது. உதவியைக் குறிக்கும் 'முஸாஅதா'வுக்கும் அதுவே வேர். யா, மீம், நூன் என்ற வேர் வலக்கையையும் நற்பேற்றையும் சேர்த்தே சுட்டும். வலம் என்றால் பக்கமும் வெற்றியும் ஆகிற தமிழில் இது புதிதல்ல. மஸ்ஊத், மைமூன் இரண்டிலும் தலையில் ஒரு 'ம' ஏறி, கடைசி அசை 'ஊ' என நீள்வதைக் கவனியுங்கள். 'எழுதினான்' எனும் 'கதப', 'எழுதப்பட்டது' எனும் 'மக்தூப்' ஆகிறதே, அதே அச்சு: செயப்பாட்டு வடிவம். முபாரக் வேறோர் அச்சில் வார்த்த செயப்பாட்டுச் சொல். பரக்கத் (அருள்வளம்) அருளப்பட்டவர் என்று பொருள். ஆக, இப்பெயர்கள் அதிர்ஷ்டத்தைப் பிள்ளையின் சொத்தாகப் பேசவில்லை, இன்னொருவன் கொடுத்ததாகப் பேசுகின்றன. 'பெறு' என்பதிலிருந்து பிறந்த நம் 'பேறு'தான் இதற்குச் சரியான தமிழ். 'காணப்படாதது' எனப் பொருள்படும் வடசொல்லான அதிர்ஷ்டத்தில் கொடுத்தவனும் இல்லை, பெற்றவனும் இல்லை.

ஸஅத்தின் வேரிலேயே பிறந்த ஸயீத் என்ற பெயரில் இந்த அச்சு இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், அது வெறும் பெயரடை. இலக்கணம் மட்டும் சாட்சியாகாது. மரபைப் பார்ப்போம். நபிகள் நாயகத்தின் மனைவி மைமூனாவின் முந்தைய பெயர் பர்ரா. 'நல்லொழுக்கம் உடையவள்' என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் பெயர் அது. நபிகள் மாற்றி வைத்ததோ செயப்பாட்டுப் பெயர். இமாம் முஸ்லிமின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இன்னும் நுட்பமான செய்தி இருக்கிறது. பணியாளருக்கு அஃப்லஹ், ரபாஹ், யஸார், நாஃபிஉ என்று வைக்க வேண்டாம் என்றார் நபிகள். ரபாஹ் என்றால் லாபம். வாசலில் நின்று 'ரபாஹ் இருக்கிறாரா?' என்று கேட்டு, 'இல்லை' என்று பதில் வந்தால் வீட்டில் லாபமே இல்லை என்று காதில் விழும்! அதற்காக இது முற்றான தடையும் அல்ல. சிறுவயதில் நபிகளைப் பேணிய உம்மு அய்மனின் இயற்பெயரே பரக்கா, அதாவது பரக்கத்.

பேற்றைக் கொடுப்பவன் இன்னொருவன், பெயருக்குச் சக்தி இல்லையென்றால் பெயரை மாற்றுவானேன் என்பது வலுவான மறுப்பு. இமாம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பில், 'ஹஸ்ன்' (கரடுமுரடு) என்ற பெயரை 'ஸஹ்ல்' (எளிது) என மாற்றிக்கொள்ள நபிகள் சொன்னபோது ஒருவர் மறுத்துவிட்டார்; அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்றார் அவர் பேரன். அந்தப் பேரனின் பெயர் என்ன தெரியுமா? ஸயீத். நற்பேற்றுப் பெயரும் அதைக் கழுவவில்லை. பாரசீகத்தில் நற்பேறுடையவர் எனப் பொருள்படும் பெயர் கொண்ட முகலாய மன்னர் ஹுமாயூன் 1540இல் அரசை இழந்தார். 1555இல் மீட்டு, மறு ஆண்டே நூலகப் படியில் விழுந்து இறந்தார். நல்ல சொல்லால் அழைப்பது ஒரு துஆ, வேண்டுதல். எழுத்தைக் கூட்டிக் குறைத்துப் பலன் தேடும் எண் கணிதம் வேறு சரக்கு.

எழுத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே. தமிழில் ஸயீதும் ஸய்யிதும் 'சையது' என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து விழுவதுண்டு. பின்னதற்குத் தலைவர் என்று பொருள், வேரும் வேறு. பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் கொடுக்கும் முன் அதன் அரபு எழுத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.