ஆவியாகப் போகிறது, தைலமாக வருகிறது!

ஜலதோஷம் பிடித்தால் வீட்டில் முதலில் தேடுவது நீலகிரித் தைலத்தைத்தான். கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தால், அடைத்த மூக்கு திறந்தது போல இருக்கும். இலைக்குள் ஒளிந்திருக்கும் அந்தத் தைலம் பாட்டிலுக்கு வருவது எப்படித் தெரியுமா?

கற்பூர மரம்

தைலம் தரும் யூகலிப்டஸ் மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. 1843-ம் ஆண்டு அது நீலகிரிக்கு வந்தது. பிறகு விறகுக்காக ஏராளமாக நட்டார்கள். மலையில் உள்ளவர்கள் இதைக் "கற்பூர மரம்" என்கிறார்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் காரணம் புரியும்!

சோற்றுப் பானை சொல்லும் பாடம்

உலை கொதிக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கும். கொதித்த நீர் ஆவியாகிறது. மூடியில் பட்டுக் குளிர்ந்ததும் மீண்டும் நீராகிறது. உலையில் போட்ட உப்போ பானையிலேயே தங்கிவிடுகிறது. காய்ச்சி வடித்தல் என்பது இதுதான். சித்த மருத்துவர்கள் "வாலையில் வடித்தல்" என்பதும் இதையே.

மூன்று சாதனங்கள்

தைலம் காய்ச்ச மூன்று சாதனங்கள் வேண்டும்.

முதலாவது, பெரிய செப்புக் கொப்பரை. இலையையும் தண்ணீரையும் இதில் நிரப்பி, ஆவி கசியாமல் மூடி, அடியில் தீ மூட்டுவார்கள்.

இரண்டாவது, மூடியிலிருந்து செல்லும் குழாய். இது குளிர்ந்த நீர்த்தொட்டி வழியாகப் போகும். ஆவி இங்கே குளிர்ந்து திரவமாகும்.

மூன்றாவது, சொட்டுவதைப் பிடிக்கும் பாத்திரம். தைலம் தண்ணீரைவிட லேசானது. எனவே மேலே மிதக்கும். அதைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள்.

100 கிலோ தழைக்குக் கிடைக்கும் தைலம் ஒன்று, ஒன்றரை கிலோ அளவுதான்! சாறு போன சக்கையைக் காயவைத்து அடுப்பெரிக்கலாம்.

குழாய் அடைத்துக்கொண்டால் ஆபத்து. ஆவிக்கு வழி இல்லாமல் கொப்பரை வெடித்துவிடும். தொட்டி நீர் சூடேறிவிட்டால் தைலம் ஆவியாகவே பறந்துபோகும். ஆகவே காய்ச்சுபவரின் கண் தீயிலும் தொட்டியிலும் மாறி மாறி இருக்க வேண்டும்.

தண்ணீரின் உதவி

தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். அது தனியாகக் கொதிக்கச் சுமார் 176 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். தண்ணீருக்கு 100 டிகிரி போதும். இரண்டையும் சேர்த்துக் காய்ச்சினாலோ, 100 டிகிரிக்கும் குறைவான சூட்டிலேயே இரண்டும் ஆவியாகக் கிளம்பிவிடுகின்றன! அதனால் இலை கருகுவதில்லை; மணமும் கெடுவதில்லை.

மருந்துக்கான தைலத்தை மறுபடியும் வடிப்பதுண்டு. இருமலைத் தூண்டும் சில பொருள்கள் குறைந்த சூட்டிலேயே முதலில் வெளியேறும். அவற்றைத் தனியே ஒதுக்குவார்கள். பின்னால் வரும் நல்ல தைலத்தைச் சேர்ப்பார்கள். எது எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பதை வைத்தே திரவங்களைப் பிரிக்கிறார்கள்.

தாய்மார்களே, கவனம்!

ஒரு மூட்டை இலையின் சாரம் ஒரு சிறு பாட்டிலில் அடங்குகிறது. அதன் வீரியமும் அப்படியே! குழந்தை ஒரு தேக்கரண்டி குடித்தாலும் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பச்சிளம் குழந்தையின் மூக்கருகே தடவவும் கூடாது.

தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மருந்து பாட்டில் இருக்க வேண்டிய இடம், குழந்தையின் கைக்கு எட்டாத உயரம்.